மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு: 355 கிலோமீட்டரும் அதைக் கடக்க ஆகும் நேரமும்

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையம் வான்வழியில் ஏறக்குறைய 415 கி.மீ. தொலைவில் இருக்கிறது. கோயம்புத்தூர் 400 கி.மீ.க்குச் சற்று மேல். தூத்துக்குடி 525 கி.மீ.யைத் தொட்டுவிடும். அதே மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் ஏறக்குறைய 355 கி.மீ.தான். சென்னையில் இருப்பவருக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் 60 கி.மீ. பக்கம் என்று நான் சொல்லும்போது நம்ப மறுப்பவர்களே அதிகம். கடவுச்சீட்டு கேட்கிற ஊர் எப்படி மதுரையைவிடப் பக்கமாக இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. வரைபடத்தைப் பிரித்துக் காட்டினால்தான் ஒப்புக்கொள்கிறார்கள். மதுரை விமான நிலையமும் பலாலியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் மதுரைக்குச் சென்னையிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து போக வேண்டும். பலாலியோ நேர் தெற்கே இருக்கிறது.

என் மனைவியின் ஊர் சுன்னாகம். பலாலி விமான நிலையம் அந்த வீட்டிலிருந்து மிக அருகில். ஆகவே இந்த 355 கி.மீ. எனக்கு வெறும் புள்ளிவிவரம் அன்று. எங்கள் குடும்பத்தின் நல்லது கெட்டதுகளுக்கு யார் வர முடியும், யார் வர முடியாது என்பதைத் தீர்மானித்த அளவு அது. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்தத் தூரத்துக்கு இவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்று நான் ஊன்றிப் படிக்கத் தொடங்கியது இதனால்தான்.

தூரத்தை முதலில் பார்ப்போம். பூமி உருண்டை என்பதால், இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை தட்டையான வரைபடத்தில் நேர்கோடாக அமைவதில்லை; பூமியின் நடுவை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு துண்டாகத்தான் அமையும். அதனால்தான் தில்லியிலிருந்து அமெரிக்காவுக்குப் பறப்பவர்கள் இருக்கைத் திரையில் விமானம் வடதுருவத்தை நோக்கி வளைந்து செல்வதைக் கண்டு வியப்படைகிறார்கள். சென்னை–பலாலி இணைக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டுமே 80 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாக அமைந்திருக்கின்றன. தீர்க்கரேகையே ஒரு பெருவட்டத்தின் பாதிதான் என்பதால், இங்கே வரைபடத்தின் நேர்கோடும் பூமியின் மேல் உள்ள மிகக் குறுகிய பாதையும் ஒன்றாகிவிடுகின்றன.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கடல் மைல் என்பது தொடக்கத்தில் அட்சரேகையின் ஒரு கலை அளவாக, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காக, வகுக்கப்பட்டது. மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையில் இருக்கிறது. பலாலி 9 பாகை 47 கலையில். கழித்தால் 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. ஆக 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால் பெருக்கினால் 355 கி.மீ.யைச் சற்றே தாண்டி வருகிறது. தாளும் பென்சிலும் இருந்தால் பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, அம்மம்மா வீடு 192 கலை தள்ளி இருக்கிறது என்று அவள் சுவரில் எழுதி வைத்தாள்.

ஒரு பாகை அட்சரேகை நிலத்தில் எவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு இந்தியாவில் முறைப்படி விடை தேடப்பட்ட இடமும் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விமானம் இறங்கும்போது சன்னலில் தெரிகிற பரங்கிமலை அது. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்த வேலைக்கு 57 நாள்கள் பிடித்தன. சங்கிலி வெயிலில் நீள்வதையும் கணக்கில் எடுத்துத் திருத்தம் செய்தார்கள். பின்னாளில் இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவைக்கு அந்த அடிக்கோடே தொடக்கம். இந்த அட்சரேகைகளில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 110.6 கி.மீ. என்பது இன்று நமக்குக் கைவசம் இருக்கும் எண். சென்னையிலிருந்து நேர் தெற்கே போகிற விமானத்தின் தூரத்தைக் கணக்கிடும் ஒவ்வொரு முறையும், அந்த மலையடிவாரத்தில் சங்கிலி பிடித்து நின்றவர்களின் உழைப்பை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

தூரம் தீர்ந்தது. நேரம் அப்படித் தீர்ந்துவிடுவதில்லை.

விமான தூரம் சொல்லும் கணிப்பான்கள் பொதுவாக மணிக்கு 800 கி.மீ. வேகத்தை வைத்துக்கொண்டு, ஏறி இறங்க அரை மணி சேர்த்து விடை சொல்லும். அப்படிப் போட்டால் சென்னை–பலாலிக்கு ஒரு மணிக்கும் குறைவான நேரம் வருகிறது. பயணச்சீட்டில் இருப்பதோ ஒன்றேகால் மணி. சில வேளைகளில் ஒன்றரை மணியை நெருங்கும். முதல் காரணம் எளிது. இந்தத் தடத்தில் பறப்பது ஜெட் விமானம் அன்று, ஏ.டி.ஆர். 72. இரண்டு பக்கமும் சுழல்விசிறி பொருத்திய, எழுபது பேர் சொச்சம் அமரக்கூடிய விமானம். அதன் பறப்பு வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். 355 கி.மீ.யை அந்த வேகத்தில் வகுத்தால் 43 நிமிடம் வருகிறது. ஒன்றேகால் மணியில் மீதி அரை மணிக்கு மேல் எங்கே போகிறது என்பதுதான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்த கேள்வி.

அட்டவணையில் போடப்படும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து எண்ணப்படுவதில்லை. நிறுத்துமிடத்தில் சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறு முனையில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நொடி வரை உள்ளதுதான் அந்த நேரம். சென்னையில் நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போக வேண்டும். முன்னால் இரண்டு மூன்று பெரிய விமானங்கள் நின்றால் அவை எழும்பும் வரை காத்திருக்க வேண்டும். பெரிய ஜெட் ஒன்று எழும்பிய பிறகு அது விட்டுச் செல்லும் காற்றுச் சுழல் அடங்க ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானத்துக்குக் கூடுதல் இடைவெளி கொடுப்பார்கள். இதற்கே கால் மணி போய்விடுகிற நாள்கள் உண்டு.

அடுத்தது திசை. சென்னையின் முதன்மை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பலாலி இருப்பது தெற்கே. ஆகவே எந்தப் பக்கம் எழும்பினாலும் விமானம் முதலில் போக வேண்டாத திசையில் சில கிலோமீட்டர் போய்த்தான் திரும்ப வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலும் கடலை நோக்கி எழும்புவார்கள்; அப்போது அடையாற்றின் மேல் ஏறி, கடலைத் தொட்டதும் வலப்பக்கம் வளைந்தால் போதும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கு நோக்கி எழும்பி, நகரத்தின் மேல் சுற்றித் தெற்கே திரும்ப வேண்டியிருக்கும். பலாலியிலும் இதே கதைதான். அங்கே ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது. காற்று ஒத்துழைத்தால் வடக்கே கடலிலிருந்து வருகிற விமானம் அதிகம் வளையாமல் இறங்கிவிடும்; இல்லையென்றால் குடாநாட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்கும். அட்டவணை போடுகிறவர் இவற்றில் மோசமான நாளையும் மனத்தில் வைத்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். அதனால் நல்ல நாளில் விமானம் குறித்த நேரத்துக்கு முன்பாகவே தரையிறங்கிவிடுகிறது.

ஏறுவதும் இறங்குவதும் நேரம் எடுப்பவை. உயரம் பிடிக்கும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போவதில்லை. நீண்ட பயணத்தில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது, 355 கி.மீ. போன்ற குட்டிப் பயணத்தில் பாதி தூரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே முடிந்துவிடுகிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்து பலாலிக்கு 2025 மார்ச் இறுதியில் விமானச் சேவை தொடங்கியது. அந்தத் தூரம் ஏறக்குறைய 183 கி.மீ.தான், சென்னைத் தூரத்தில் பாதியைவிடச் சற்றே மிகுதி. நேரமோ பாதியாகவில்லை, அதற்கும் ஏறக்குறைய ஒரு மணி ஆகிவிடுகிறது. தூரம் எவ்வளவு குறைந்தாலும் குறையாத ஒரு பகுதி ஒவ்வொரு பறப்பு நேரத்துக்குள்ளும் இருக்கிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் பறப்பு நேரம் பற்றிய பேச்சில் மக்கள் அதிகம் குழம்புவது இதில்தான். பூமி சுழல்வதால் ஒரு பக்கம் போக நேரம் குறைகிறது, மறுபக்கம் கூடுகிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். விமானம் பறக்கும் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது என்பதால் அந்த விளக்கம் நிற்காது. வேறுபாட்டை உண்டாக்குவது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் தாரைக்காற்று. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை வழக்கமான அட்லாண்டிக் பாதையை விட்டுப் பசிபிக் கடலின் மேல் கிழக்கு நோக்கி ஓட்டியது. பழைய பாதை ஏறக்குறைய 13,900 கி.மீ.; புதியது 15,300 கி.மீ. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணியில் முடிந்தது, காற்று முதுகுப் பக்கம் இருந்ததால். தூரம் நீண்டும் நேரம் குறையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சென்னை–பலாலித் தடத்தில் காற்று அப்படி விளையாடுவதில்லை. பாதை வடக்கு தெற்காக இருக்கிறது. ஆடி மாதத்து மேல்காற்றோ விலாப்பக்கத்திலிருந்து வீசுகிறது. ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் நீரோட்டத்தை எதிர்த்துச் சற்றே சாய்வாகத் தோணியைப் பிடிப்பதுபோல், விமானி மூக்கை மேற்கே சில பாகை திருப்பி வைத்துக்கொண்டு தெற்கே போவார். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு மணிக்கு 60 கி.மீ. பக்கக்காற்று வீசினால் முன்னேறும் வேகம் 496 கி.மீ. ஆகக் குறையும், அவ்வளவுதான். அதே காற்று நேர் எதிரே வீசினால் 440 ஆகிவிடும். போகும் நேரமும் வரும் நேரமும் இந்தத் தடத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

பயணச்சீட்டில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பயண நேரம் காண்பது இன்று இந்தத் தடத்தில் சரியாக வரும். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கின்றன. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் கடிகாரம் இந்தியாவைவிட முதலில் ஒரு மணியும் பிறகு அரை மணியும் முன்னால் ஓடியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஒரு சின்னத் தீவுக்குள் இரண்டு நேரங்கள். வன்னியில் இருந்த உறவினரின் தொலைபேசி அழைப்புக்குக் கொழும்பில் காத்திருந்தவர்கள் எந்த மணி என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்ட காலம் அது.

இப்போது அந்தத் தடத்தின் பழங்கதைக்கு வருகிறேன். பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணிகள் விமானத்தை ஓட்டியபோது, அந்த டகோட்டா விமானம் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையில் புறப்பட்டு, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. இலங்கையின் தேசிய விமானச் சேவையின் முதல் பயணமே இந்த 355 கி.மீ. வழியாகத்தான் அமைந்தது என்பதை இன்றைய தலைமுறை அதிகம் அறியாது. டகோட்டா மணிக்கு 300 கி.மீ. அளவில் பறக்கும் விமானம். கணக்குப் போட்டால் பலாலியிலிருந்து சென்னைக்கு வானில் ஒன்றேகால் மணி வாக்கில் ஆகியிருக்கும். இன்றைய அட்டவணை நேரமும் ஏறக்குறைய அதுதான்.

இடையில் என்ன ஆனது என்பதைத்தான் எங்கள் மாமி அடிக்கடி சொல்வார். "முந்திப் பலாலியிலை ஏறினா ஒரு மணித்தியாலத்துக்குச் சொச்சத்திலை மெட்ராஸ், தம்பி. பிறகு கொழும்பைச் சுத்தி வந்து சேருறதுக்குள்ளை மனுசர் களைச்சுப் போயிடுவினம்." போர் தொடங்கிய பிறகு பலாலி படைத்தளமானது. சென்னையோடு இருந்த வான்தொடர்பு அறுந்தது. அந்தக் காலத்தில் உள்நாட்டுப் பறப்பும் அச்சமின்றி நடக்கவில்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டார்கள்.

ஆகவே சுன்னாகத்துக்குப் போக வேண்டியவர் சென்னையிலிருந்து 645 கி.மீ. பறந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும். பிறகு அங்கிருந்து 350 கி.மீ.க்கு மேல் வடக்கே திரும்பி வர வேண்டும், பேருந்திலோ வேனிலோ. விமானம் யாழ்ப்பாணத்தின் அட்சரேகையை அரைமணியில் தாண்டிப் போய்விடும். அதே அட்சரேகைக்கு மீண்டும் வந்து சேர மறுநாள் ஆகிவிடும். ஆனையிறவு வழியாகப் போகும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அதுவும் இல்லை. 2006 ஆகஸ்டில் மூடிய வீதி 2009 வரை திறக்கவில்லை. 355 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊருக்கு ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போனவர்கள், அதற்கும் வழியின்றி இறப்புச் செய்தியைத் தொலைபேசியில் மட்டும் கேட்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றி வந்தது. நான்கு மாதங்களில் கொரோனா வந்து சேவையை நிறுத்திவிட்டது. மீண்டும் தொடங்கியது 2022 டிசம்பர் 12 அன்று. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இந்தத் தடத்துக்கு வந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, அடுத்த ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கப்பலுக்கு நான்கு மணி அளவு ஆகிறது. மூட்டை முடிச்சு அதிகம் உள்ளவர்களுக்கு அது உதவி.

தெற்கே போகும்போது வலப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். ஏ.டி.ஆர். விமானத்தில் இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடை குறைவு. அது பறக்கும் உயரமும் ஜெட்டைவிடத் தாழ்வு. வானம் தெளிந்த நாளில் சதுரங்கப்பட்டினத்தருகே பாலாறு கடலில் சேரும் மணல்திட்டு, பிறகு புதுச்சேரி, கொள்ளிட முகத்துவாரத்தில் கலங்கல் நீர் கடலுக்குள் விசிறிபோல் பரவும் இடம் என்று கரை கூடவே வரும். வேதாரண்யத்தில் உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாக மின்னும். கோடியக்கரை முனையோடு தமிழகக் கரை மேற்கே விலகிப்போகிறது. அங்கிருந்து பலாலிக்கு ஏறக்குறைய 60 கி.மீ., இந்த விமானத்துக்கு ஏழெட்டு நிமிடம். இறங்கும்போது பனைகளும், வலிகாமத்துச் செம்மண்ணில் வேலி அடைத்த தோட்டங்களும் தெரியத் தொடங்கும்.

பலாலி ஓடுபாதை ஏறக்குறைய 2,300 மீட்டர். அதை நீட்டி ஜெட் விமானங்களைக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. சென்னைப் பயணத்தின் நேரத்தைக் குறைக்கத்தான் அது என்றால், கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. நான் மேலே சொன்ன ஊர்தலும் காத்திருப்பும் வளைதலும் ஜெட்டுக்கும் உண்டு. உயரம் பிடித்து வேகம் எடுக்கும் முன்பே அது இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம். அந்த ஓடுபாதையைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். படையினர் வசம் இருந்த அங்குள்ள மயிலிட்டித் துறை 2017இல் விடுவிக்கப்பட்டது. தம் காணிக்குத் திரும்பக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்காக அவர்களுடைய காணியைக் கேட்கும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை. ஏ.டி.ஆர். விமானத்துக்கு 1,300 மீட்டர் அளவு ஓடுபாதையே போதும். இருக்கிற பாதையிலேயே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாள்தோறும் இரண்டு விமானங்கள் ஓடினால், சாவு வீட்டுக்குப் போக வேண்டியவர் அன்றே போய்விடலாம். நான் கேட்பது அந்த இரண்டாவது விமானத்தைத்தான்.